வலது பின்னங்கால்

குதிரை ஆஸ்பத்திரியில் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுக்குப் பெயர் கிடையாது. டாக்டர் முதல் வைக்கோல் இறக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் படக்காரம்மா. முப்பத்தெட்டு வயது, நெட்டையான உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் கதிர்வீச்சை அளக்கும் சின்ன அட்டை. பதினொரு வருஷமாகப் படம் எடுக்கும் அறை அவள் ராஜ்ஜியம். அங்கே டாக்டரே செருப்பைக் கழற்றி, அவள் தரும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

படம் என்றால் போட்டோ அல்ல, எக்ஸ்ரேயும் அல்ல. காலையில் குதிரையின் கழுத்து ரத்தக்குழாயில் ஓர் ஊசி போடுவார்கள். அதில் துளிக் கதிர்வீச்சு கலந்த மருந்து இருக்கும். அது உடம்பெல்லாம் சுற்றிக் கடைசியில் எலும்பில் போய் ஒட்டும். எந்த இடத்தில் எலும்பு அடிபட்டு, தன்னைத் தானே சரி செய்துகொள்ளத் திண்டாடுகிறதோ அந்த இடத்தில் மட்டும் அடையாக அப்பிக்கொள்ளும். மூன்று மணி நேரம் கழித்து, வண்டிச் சக்கரம் அகலத்துக்கு இருக்கிற கேமராவைக் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், திரையில் புள்ளி புள்ளியாக எலும்பு வந்து விழும். நல்ல எலும்பு சாம்பல் நிறம். நோகிற இடம் கரிக்கறுப்பு. எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல் தெரிய வாரக்கணக்காகும். இதில் முன்னாலேயே தெரிந்துவிடும். வாயில்லாத ஜீவன் தன் காலைத் தொட்டு "இங்கதான்" என்று காட்டுவது மாதிரி.

அவள் அப்பா லாரியில் மூட்டை ஏற்றியவர். அம்மா பாட்டில் கழுவும் தொழிற்சாலையில் இருந்தவள். அந்த வீட்டில் பட்டம் என்றால் அதுவரை நூல் கட்டிப் பறக்க விடுவது மட்டும்தான். அவள் அறிவியல் படித்து, மனிதர்களுக்கு இதே படம் எடுக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் இருந்துவிட்டுக் குதிரைகளிடம் வந்தாள். அம்மாவுக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை.

"மனுசனை விட்டுட்டுக் குதிரைக்குப் போட்டோ பிடிக்கவா உன்னை அத்தனை வருஷம் படிக்க வெச்சேன்? அது என்ன, சுவத்துல மாட்டி வெச்சுக்கப் போவுதா?"

"குதிரை பொய் சொல்லாதும்மா. மனுசன் வலிக்காத இடத்துலயும் வலிக்குதும்பான்."

அவளுக்கு ஒரு தம்பி. ஒன்பது வயசு இளையவன். படிப்பு ஏறவில்லை, குதிரை ஏறினான். உடம்பு ஒடிசல் என்பதால் லாயத்தில் அவனுக்குத் துரும்பு என்று பெயர். பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு குதிரை அவனைத் தள்ளிவிட்டு அவன் மேலேயே விழுந்தது. இடுப்பெலும்பு இரண்டாகப் போனது. எட்டு மாதம் படுக்கை. எழுந்து நடந்த பிறகும் எந்த ட்ரெயினரும் அவனைச் சீந்தவில்லை. கடைசியில் ஒரே ஒருவர் மனசு வைத்தார். சீமாட்டி என்ற செம்பழுப்புப் பெண்குதிரையை அவனிடம் விட்டார். பன்னிரண்டு நாளில் பந்தயம். அதற்கு முன், வெள்ளிக்கிழமை காலை, முழு வேகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் தேறினால் துரும்பு மறுபடி ரைடர். இல்லையென்றால் காலம் முழுக்க மற்றவன் ஓட்டும் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டியதுதான்.

அந்தச் சீமாட்டிதான் புதன்கிழமை படத்துக்கு வந்தாள். நடையில் பின்பக்கம் ஏதோ கோளாறு என்று ட்ரெயினருக்குச் சந்தேகம். எந்தக் கால் என்று அவரால் சொல்ல முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவனைக் கேட்டதற்கு, "நல்லாத்தான் ஓடறா, கொஞ்சம் சோம்பேறித்தனம்" என்றானாம். எதற்கும் ஒரு படம் பார்த்துவிடலாம் என்று அனுப்பியிருந்தார்.

படம் எடுக்கும்போது குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு ஆணி என்று பட்டப்பெயர். அடித்து வைத்த மாதிரி அசையாமல் நிற்பார். அவர் அசையாவிட்டால் குதிரையும் அசையாது. அவளுக்கும் ஆணிக்கும் நடுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அவள் உரக்கச் சொல்வாள்: "இடது பின்னங்கால், வெளிப்பக்கம்." ஆணி அந்தக் காலைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்வார்: "இடது பின்னங்கால், வெளிப்பக்கம்." அப்புறம்தான் பொத்தான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். பதினொரு வருஷத்தில் ஒரு படம்கூட மாறிப்போகாததற்கு அந்தச் சிரிப்பு மூட்டும் வழக்கம்தான் காரணம்.

அன்றைக்கு அந்த வழக்கம் நின்றது. அரைமயக்க ஊசி போட்டும் சீமாட்டிக்குப் பேச்சுச் சத்தமே ஆகவில்லை. படக்காரம்மா வாயைத் திறந்தால் குதிரையின் காது பின்னால் மடிந்தது, பின்னங்கால் எழும்பியது. பின்னாலிருந்து இரண்டு காலையும் சேர்த்து எடுக்கிற படத்துக்குக் கேமராவைக் கொண்டுபோனபோது விட்டாள் ஓர் உதை. கேமரா தப்பியது, வாளி நசுங்கியது.

"அதை விடுங்க. பக்கவாட்டுப் படம் போதும்" என்றார் டாக்டர் வாசலிலிருந்து. "ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டே எடுங்க."

வாயை மூடிக்கொண்டே எடுத்தார்கள். இடது கால் முடிந்தது. வலது காலுக்காக ஆணி குதிரையைத் திருப்பினார். பாதி திரும்பியவள் மிரண்டு ஒரே சுழலாகச் சுழன்று நின்றாள். படக்காரம்மா கால்களுக்கு நடுவே வைக்கும் ஈயத் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த உதை எந்தப் பக்கம் வருமோ என்று குளம்பையே பார்த்திருந்தாள். நின்றதும் தகட்டை வைத்தாள், கேமராவை நகர்த்தினாள், திரையில் 'வலது' என்று தட்டினாள், பொத்தானை அமுக்கினாள்.

டாக்டர் படங்களை நின்றபடியே பார்த்தார். எங்கேயும் கறுப்பு இல்லை. வயிற்று வலியில் புரண்டுகொண்டிருந்த வேறொரு குதிரைக்கு அறுவைச் சிகிச்சை காத்திருந்தது. "சுத்தமா இருக்கு. ட்ரெயினருக்குச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அவள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணுமில்லடா. சுத்தமா இருக்கா."

"நிஜமாவா அக்கா?"

"என் படம் என்னைக்குடா பொய் சொல்லியிருக்கு?"

"அக்கா, நீ தெய்வம்!"

"தெய்வமெல்லாம் வேணாம். வெள்ளிக்கிழமை ஒழுங்கா மேல உட்காரு. அது போதும்."

நாலரை மணிக்கு அறையைக் கழுவி, கையுறைகளைக் கதிர்வீச்சுக் கழிவுக்கான மஞ்சள் தொட்டியில் போட்டுவிட்டு, படங்களைக் கோப்பில் சேர்க்க உட்கார்ந்தாள். இடது பின்னங்காலை ஒரு பாதியிலும் வலது பின்னங்காலை மறு பாதியிலும் போட்டாள். டீயை ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது வாய்க்குத் தூக்கிய டம்ளரைக் கீழே வைத்தாள்.

இரண்டு குளம்பும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

இடது காலை வெளியிலிருந்து எடுத்தால் குளம்பின் முனை திரையில் இடப்பக்கம் பார்க்கும். வலது கால் என்றால் வலப்பக்கம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். திரையில் இரண்டும் இடப்பக்கமே பார்த்தன. சீமாட்டி அந்த மிரட்சியில் பாதி வட்டம் சுற்றவில்லை, முழு வட்டம் சுற்றியிருக்கிறாள். நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறாள். ஒரே காலை இரண்டு முறை எடுத்து, ஒன்றுக்கு வலது என்று பேர் வைத்திருக்கிறாள் படக்காரம்மா. குறுக்கே இருந்த ஈயத் தகடு மறுகாலை மறைத்துவிட்டது. வலது பின்னங்காலை அன்றைக்கு யாருமே பார்க்கவில்லை.

எழுந்து கதவைச் சாத்தினாள். ஏன் சாத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மனசு வக்கீல் மாதிரி பேச ஆரம்பித்தது. எக்ஸ்ரே சுத்தம். இடது கால் சுத்தம். நூறு குதிரையில் தொண்ணூறுக்கு ஒன்றும் இருக்காது. ஓட்டுகிறவனே நன்றாக ஓடுகிறாள் என்கிறான். டாக்டரே பார்த்துச் சுத்தம் என்று சொன்ன பிறகு நீ யார்? பதினொரு வருஷப் பேரை நீயே கொண்டுபோய்ச் சாக்கடையில் போடுவாயா?

இன்னொரு பக்கம், வெள்ளிக்கிழமை காலை. முழு வேகம். அந்த எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தால் அது காத்திருக்காது. முறியும். ஐந்நூறு கிலோ உடம்பு தலைகுப்புறப் போகும். முதுகில் உட்கார்ந்திருப்பவன் எங்கே விழுவான் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போன தடவை அவன் இடுப்பைப் படம் எடுத்தவளே அவள்தான். பழைய ஆஸ்பத்திரியில் கெஞ்சி அனுமதி வாங்கி, தானே கேமராவை நகர்த்தி, அந்தக் கரிக்கறுப்பைத் தானே பார்த்தாள்.

தம்பியிடம் மட்டும் ரகசியமாக 'ஏறாதே' என்று சொல்லிவிட்டால்? வேறொருவன் ஏறுவான். அவனுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காலை பத்து மணிக்குப் போட்ட ஊசி. அந்த மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் கரையும். ஏற்கனவே பாதிக்கு மேல் போயாயிற்று. நாளைக் காலையில் திரையில் மூட்டம்தான் தெரியும். புது மருந்து வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமைதான் வரும். அடுத்த புதன் வருவதற்குள் வெள்ளி வந்துவிடும்.

அவள் அறுவைச் சிகிச்சை அறைக் கதவுக் கண்ணாடியைத் தட்டினாள். முழங்கை வரை ரத்தத்தோடு டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"சார், வலது பின்னங்கால் எடுக்கவே இல்ல. இடதையே ரெண்டு தடவை எடுத்துட்டேன். தப்பு என்னோடது."

முகமூடிக்கு மேலே அவர் கண் மட்டும் தெரிந்தது. "நான் பார்த்தேனே?"

"நீங்களும் பார்க்கலை சார்."

சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொல்கிறோம் என்று உறைத்தது. டாக்டர் தலையை ஆட்டினார். "மயக்க ஊசி மத்தியானம் போட்டதுல பாதி. உதவி டாக்டரைப் போடச் சொல்லுங்க. எனக்கு இங்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். எதுவா இருந்தாலும் இந்தக் கதவை வந்து தட்டுங்க."

ஆணி வீட்டுக்குக் கிளம்பச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவையா? போதும் தாயே. இதுக்கு மேல நின்னா எங்க வீட்டுக்காரி என்னைக் கூடத்துல விளக்குக்குப் பதிலா மாட்டி வெச்சிருவா."

அவள் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். அவர் மாற்றிய சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய சட்டையை மாட்டினார்.

"சுத்தினதை நான் பார்த்திருக்கணும்" என்றார். "கயிறு என் கையிலதானே இருந்துச்சு."

"பொத்தான் என் கையில இருந்துச்சு."

"சரி, அதை அப்புறம் பங்கு போட்டுக்கலாம். வாங்க."

சீமாட்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது ஐந்தரை. இந்தத் தடவை அவள் வாயை மூடவில்லை. குரலைத் தாழ்த்தி, ஆனால் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்: "வலது பின்னங்கால், வெளிப்பக்கம்." குதிரையின் காது மடிந்தது. ஆணி அதன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, எட்டிப் பார்த்துத் திருப்பிச் சொன்னார்: "வலது பின்னங்கால், வெளிப்பக்கம்."

மத்தியானம் ஒரு நிமிஷத்தில் வந்த படம் இப்போது மூன்று நிமிஷம் கேட்டது. மூன்று நிமிஷம் ஒரு குதிரை அசையாமல் நிற்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. முதல் நிமிஷம் புள்ளிகள் தூறலாக விழுந்தன. இரண்டாவது நிமிஷத்தில் குளம்பு தெரிந்தது. முனை வலப்பக்கம் பார்த்தது. மேலே மூட்டு, அதற்கும் மேலே நீளமான கணைக்கால் எலும்பு. சீமாட்டி எடையை மாற்றப் பார்த்தாள். "உஸ்... உஸ்... என் ராசாத்தி" என்று ஆணியின் மூச்சு கேட்டது. கால் ஊன்றியே நின்றது.

மூன்றாவது நிமிஷம் கணைக்கால் எலும்பின் கீழ்ப்பகுதியில் ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்குப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. சாம்பல், கறுப்பு, கரிக்கறுப்பு.

ஆணி தலையைத் திருப்பாமலே கேட்டார். "என்னம்மா?"

"இருங்க."

அது விரிசலாக இல்லாமல் போக ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. மருந்து மூத்திரத்திலும் இறங்கும். கொட்டடியில் குதிரை மூத்திரம் பெய்து, காலில் தெறித்திருந்தால், அதுவும் கறுப்பாகத்தான் தெரியும். மூத்திரத்தை விரிசல் என்று சொல்லி ஒரு குதிரையை நாலு மாதம் நிறுத்திவைத்த கதையெல்லாம் இந்தத் தொழிலில் உண்டு. அவள் கையுறை மாட்டிக்கொண்டு, வெந்நீரும் சோப்பும் எடுத்து அந்தக் காலைத் தொடை முதல் குளம்பு வரை தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க, அது மூத்திரமாகவே இருக்கட்டும் என்று தான் வேண்டிக்கொள்வது அவளுக்கே கேட்டது. பதினொரு வருஷத்தில் ஒரு படம் இப்படித்தான் வர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதில்லை. காலைத் துணியால் துடைத்து, துணியை மஞ்சள் தொட்டியில் போட்டாள்.

"வலது பின்னங்கால், வெளிப்பக்கம்."

"வலது பின்னங்கால், வெளிப்பக்கம்."

கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் யாரோ கையசைத்தார்கள். துரும்பு. தரையில் போட்ட மஞ்சள் எல்லைக்கோட்டுக்கு வெளியே, ஓட்டும் பூட்ஸோடு, முகமெல்லாம் பல்லாக நின்றான். குதிரையைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறான். சீமாட்டி மறுபடி கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் அவன் கை பாதியில் நின்றது.

மூன்று நிமிஷம். திரையில் தூறல் விழுந்தது. மொச்சைக்கொட்டை அதே இடத்தில், அதே அளவில், துளிகூட நகராமல் வந்து உட்கார்ந்தது.

அவள் போய் அறுவைச் சிகிச்சை அறைக் கதவைத் தட்டினாள். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். முதலில் குளம்பின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தார். பிறகு எலும்பைப் பார்த்தார்.

"விரிசல் ஆரம்பிச்சிருக்கு. நாலு மாசம் ஓட்டம் கூடாது. ட்ரெயினர்கிட்ட நான் பேசறேன்." எழுந்து நின்றவர், வாசலில் தயங்கினார். "மத்தியானம் நான் நின்னுக்கிட்டே பார்த்திருக்கக் கூடாது."

அவள் பதிவேட்டை எடுத்துத் தன் கையாலேயே எழுதினாள்: 'முதல் முறை வலது பின்னங்கால் எடுக்கப்படவில்லை. பிழை என்னுடையது. மாலையில் மறுபடி எடுக்கப்பட்டது.' கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

துரும்பு கொட்டடிக்கு எதிரில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். பல் எல்லாம் உள்ளே போயிருந்தது.

"மத்தியானம் ஒண்ணுமில்லன்னு சொன்ன."

"தப்பா எடுத்துட்டேன்டா. இப்ப எடுத்ததுதான் சரி. வலது பின்னங்கால்ல விரிசல்."

"எவ்வளவு நாள்?"

"நாலு மாசம்."

"நாலு மாசம்..." அவன் தொப்பியைக் கையில் கசக்கினான். "நாலு மாசம் கழிச்சு என்னை யாருக்கா ஞாபகம் வெச்சிருப்பாங்க? வெள்ளிக்கிழமை ஒரே ஒரு நாள். ஒரு நாள் தாங்கியிருந்தா போதும்."

"தாங்கலைன்னா?"

கொட்டடிக்குள் சீமாட்டி மயக்கம் தெளிந்து வைக்கோலை இழுத்தாள். நிற்கும்போது வலது பின்னங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, குளம்பின் முனையை மட்டும் தரையில் வைத்திருந்தாள். இருவரும் அதையே பார்த்தார்கள்.

"அப்படித்தான் நிப்பா" என்றான் மெதுவாக. "பத்து நாளா."

அவள் திரும்பினாள். "என்ன சொன்ன?"

"வளைவுல திரும்பும்போது அந்தக் காலை ஊன்றத் தயங்குவா. மேல உட்கார்ந்திருக்கற எனக்குத் தெரியும். சாட்டையைக் காட்டினா சரியாப் போயிடும்."

"ட்ரெயினர் உன்னைக் கேட்டாரில்ல?"

"கேட்டாரு."

"சோம்பேறித்தனம்னு சொன்ன."

"வேற என்ன சொல்லச் சொல்ற? காலு நோவுதுன்னு சொன்னா அன்னைக்கே என்னை இறக்கி விட்டிருப்பாங்க. உன் படத்துல எப்படியும் தெரிஞ்சிரும்னு இருந்தேன். நீ சுத்தம்னு சொன்னதும், நான்தான் பயந்து கற்பனை பண்ணிக்கிட்டேன் போலன்னு..." கசங்கிய தொப்பியைப் பிரித்தான். "நீ சொன்னா நான் நம்புவேன்க்கா."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. எட்டு மாதம் படுக்கையில் புரட்டிப் போட்ட உடம்பு அது. அறை விழவில்லை. பக்கத்தில் கிடந்த கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்திருந்தா, அந்தக் காலைத்தான்டா முதல்ல பார்த்திருப்பேன்."

அவள் அவன் சட்டைப்பையிலிருந்த போனைக் காட்டினாள்.

"என் தப்பை என் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். டாக்டர் இப்ப ட்ரெயினருக்குப் போன் போடுவாரு. அதுக்கு முன்னாடி நீ போடு."

"போட்டா அவரும் என்னைச் சேர்க்க மாட்டாரு."

"மாட்டாரு" என்றாள் அவள். பொய் சொல்லித் தேற்ற அவளுக்கு வரவில்லை. "போடு."

அவன் போனை எடுத்து ட்ரெயினரின் எண்ணைத் தேடினான். அப்புறம் கட்டைவிரல் நகர்ந்தது. மறுமுனையில் மணி அடிப்பது அவளுக்கும் கேட்டது. அவர் எடுத்ததும் அவன் சுவரை விட்டு விலகி நேராக நின்றான்.

"சார், துரும்பு பேசறேன். சீமாட்டியோட வலது பின்னங்கால்ல விரிசல் சார். இல்ல சார், டாக்டர் சொல்லி இல்ல. எனக்குப் பத்து நாளா தெரியும்."